தண்ணீர் முறைக்கு ஒரு சுழியோடி மணிக்கூடு

1

பேர்கனில் மழை பெய்யாத நாளைத்தான் குறித்து வைக்க வேண்டும். நான் ஓட்டும் பேருந்தின் முன்கதவு திறக்கும்போதெல்லாம் ஈரக் குடைகளும் ஈரச் சப்பாத்துகளும் ஏறிக்கொண்டிருக்கும். அப்படி ஏறுகிறவர்களில் யாராவது ஒருவர், பெரும்பாலும் வயது போன நோர்வேக்காரர் ஒருவர், என் இடது கையைப் பார்த்துவிட்டு நீங்கள் சுழியோடுவீர்களா என்று கேட்பார். எனக்கு நீந்தவே தெரியாது என்று சொல்வேன். அவர் சிரிப்பார். நான் பகிடி விடுவதாக நினைத்துக்கொண்டு போய் இருக்கையில் அமர்வார்.

பகிடி இல்லை. நான் நீர்வேலிக்காரி. எங்கள் ஊரில் கடல் இல்லை. கிணறு இருக்கிறது, வாழை இருக்கிறது, செம்மண் இருக்கிறது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் பிடிக்க வேண்டும். அப்படி இருந்தும் என் கையில் கிடப்பது கடலுக்கடியில் இறங்குகிறவர்களுக்காக எழுபதுகளில் செய்த மணிக்கூடு. தடித்த உருக்கு உடம்பு, மொத்தமான கண்ணாடி, இருட்டில் ஒளிர வேண்டிய புள்ளிகள். அந்தப் புள்ளிகள் ஒளிர்வதை விட்டுக் கனகாலம். இப்போது அவை பால் தேத்தண்ணீரின் நிறத்துக்கு வந்துவிட்டன. என்னைப் போன்ற பைத்தியங்களுக்கு அந்த நிறம்தான் அழகு.

வீட்டில் இன்னும் ஒரு பிஸ்கட் பேணி நிறைய இருக்கின்றன. சந்தையிலும் செத்துப்போனவர்களின் வீட்டுச் சாமான் விற்பனையிலும் தேடிப் பிடித்தவை. ஒன்றில் வடகடல் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்த யாரோ ஒருவரின் கீறல்கள். இன்னொன்றின் பின்மூடியில் யாரோ ஒருத்தி யாரோ ஒருவனுக்குப் பொறித்துக் கொடுத்த பெயர். புது மணிக்கூடு நேரத்தை மட்டும் சொல்லும். இவை ஒரு மனிதர் தன் கையை எங்கெல்லாம் விட்டார் என்பதையும் சொல்கின்றன. அதனால்தான் நான் எதையும் மினுக்குவதில்லை. கீறலை அழிக்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. கட்டாமல் பெட்டியில் பூட்டி வைக்கிறவர்களோடும் ஒத்துவராது. ஓடாத மணிக்கூட்டில் எண்ணெய் காய்ந்து, பற்சக்கரங்கள் ஒன்றையொன்று தின்னத் தொடங்கிவிடும்.

இங்கே பூப்புனித நீராட்டு விழாக்களுக்குப் போனால் மற்றப் பெண்களின் கைகளில் காப்பு அடுக்கியிருக்கும். என் கையில் இந்த உருக்குத் துண்டு. இது என்னடியப்பா, ஆம்பிளையளின்ரை சாமானைக் கட்டிக்கொண்டு திரிகிறாய் என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். பேருந்து ஓட்டுவதும் ஒருகாலத்தில் ஆம்பிளையளின் வேலையாகத்தான் இருந்தது.

2

இந்த மணிக்கூடுகளின் விசேஷம் முகத்தைச் சுற்றியிருக்கும் வளையம். அதைக் கையால் திருப்பலாம். அதில் ஒரு முக்கோண அடையாளம் இருக்கும். தண்ணீருக்குள் இறங்குகிறவர் அந்த அடையாளத்தை நிமிட முள்ளுக்கு நேரே திருப்பிவிட்டு இறங்குவார். பிறகு மனக்கணக்குத் தேவையில்லை. முள் அடையாளத்தை விட்டு எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறதோ அவ்வளவு நேரம் அவர் கீழே இருந்திருக்கிறார். மூச்சு எவ்வளவு மிச்சம் என்று அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்.

இது எனக்குப் பேர்கனுக்கு வந்து பல வருஷம் கழித்துத்தான் தெரியும். அதற்கு முன் எனக்கு வேறொன்று தெரிந்திருந்தது.

பழைய மணிக்கூடு சேர்க்கிறவர்கள் மாதத்தில் ஒருநாள் நூலகத்தின் கீழ்த்தளத்தில் கூடுவார்கள். வேடிக்கை பார்க்க நான் முதன்முதலாகப் போன அன்று, வளையம் எதற்கு என்று புதிதாக வந்த பெடியன் ஒருவன் கேட்டான். நான் முந்திக்கொண்டேன். பங்குக் கிணற்றில் தண்ணீர் இறைப்பதற்கு என்றேன். கிணறு நாலைந்து பேருக்குப் பொது, ஒவ்வொருவருக்கும் முறை உண்டு, முறை தொடங்கும்போது வளையத்தைத் திருப்பிவிட்டால் ஏமாற்றாமல் தண்ணீர் பாய்ச்சலாம், பக்கத்துத் தோட்டக்காரனோடு சண்டை வராது என்று என் அரைகுறை நோர்வே மொழியில் விளக்கமாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்த சிரிப்பில் மேசையே குலுங்கியது.

நான் பொய் சொல்லவில்லை. நீர்வேலியில் அப்பாவின் கையில் அப்படி ஒன்று இருந்தது. மோட்டரைப் போட்டதும் இரண்டு விரலால் வளையத்தைத் திருப்புவார். பிறகு மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கி வாழைகளுக்குத் தண்ணீர் மாறுவார். முறை முடிந்ததும் நிறுத்திவிடுவார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எங்கள் பங்குக்காரர் கணேசண்ணை தன் முறைக்கு அப்பாவிடம்தான் நேரம் கேட்பார். ஊரில் அதற்குத் தண்ணி மணிக்கூடு என்றே பெயர். உலகத்தில் அந்த வளையத்தை வாழைத்தோட்டத்துக்காகக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நான் நினைத்ததில் என்ன பிழை?

அன்றே அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். அண்ணை ஊரில்தான் இருக்கிறார், அப்பாவின் தோட்டத்தைச் செய்கிறார். அந்த மணிக்கூடு அப்பாவிடம் வந்த கதையை அன்றுதான் சொன்னார். காங்கேசன்துறைத் துறைமுகத்தில் சுழியோடியாக இருந்த ஒருவர், கரையோரச் சனமெல்லாம் இடம்பெயர்ந்தபோது குடும்பத்தோடு எங்கள் வளவில் வந்து இருந்தார். நான் அப்போது சின்னப் பிள்ளை. அவரை ஒரு மாமாவாக மட்டும்தான் நினைவிருக்கிறது. வேறிடம் போக வெளிக்கிட்ட அன்று மணிக்கூட்டைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தாராம்.

"எனக்கு இனிக் கடல் இல்லை. உங்களிட்டைத் தண்ணி இருக்கு. வைச்சிருங்கோ," என்றாராம்.

வளையத்தைத் திருப்பக் காட்டிக் கொடுத்ததும் அவர்தான். அன்றிலிருந்து எனக்குப் பிடித்த பைத்தியம் இது.

3

அப்பா போனபோது நான் இங்கே தஞ்சம் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். பயணப் பத்திரம் இல்லை. போனால் திரும்ப வர முடியாது, திரும்பி வந்தாலும் வழக்கு முதலிலிருந்து என்று அலுவலகத்தில் இருந்த பெண் நல்ல மரியாதையாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, இறந்தவர் உங்களுக்கு நெருங்கிய உறவா என்று கேட்டாள். தகப்பன் என்றேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள். அப்பாவின் செத்தவீட்டை நான் ஒரு மறியற்சாலை மாதிரியான அறையில் தொலைபேசியைக் காதில் வைத்தபடி கேட்டு முடித்தேன். பறை கேட்டது. பிறகு இணைப்பு அறுந்துவிட்டது.

அதற்குப் பிறகு குடியுரிமை வந்தது, கல்யாணம் வந்தது, மகள் ஆரணி வந்தாள். ஒவ்வொரு வருஷமும் திவசத்தன்று அண்ணை வீடியோ அழைப்பு எடுப்பார். படத்துக்கு மாலை, முன்னால் படையல், படத்துக்குக் கீழே கண்ணாடி அலுமாரி. அலுமாரிக்குள்ளே அப்பாவின் மணிக்கூடு. முட்கள் ஏழேகாலில் நிற்கும்.

அதைப் பற்றிச் சொந்தக்காரர்கள் ஒரு கதை வைத்திருந்தார்கள். அவர் போன நேரத்திலேயே மணிக்கூடும் நின்றுவிட்டதாம். வருகிறவர் எல்லோருக்கும் யாராவது அதைச் சொல்வார்கள். கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். அண்ணை ஒன்றும் சொல்லமாட்டார். மணிக்கூட்டைத் தொடவும் யாரையும் விடமாட்டார். இரண்டு தரம் ஊருக்குப் போனபோது திருத்தித் தரவா என்று கேட்டேன். இரண்டு தரமும் விடு பிள்ளை என்றார்.

எனக்கோ அது பொய் என்று தெரியும். அந்த ரகத்துக்குச் சாவி கொடுக்கத் தேவையில்லை. கை ஆட ஆட உள்ளே சுருள் முறுகும். கழற்றி வைத்தாலும் ஒரு நாளைக்கு மேல் தன்பாட்டில் ஓடும். மனிதர் போன நிமிடத்தில் அது நிற்க வழியே இல்லை. இதைச் சொன்னால் அண்ணை பொத்தி வைத்திருக்கும் ஒன்றை உடைத்ததாக ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் சேர்க்கிறவள் கண்ணுக்கு இன்னொன்றும் தெரியுமே. போன வருஷ வீடியோவில் கண்ணாடிக்குள் ஈரம் பூத்திருந்தது. இன்னும் சில மழைக்காலம் போனால் உள்ளே துரு மட்டும்தான் மிஞ்சும். யார் யாருடைய மணிக்கூட்டையோ உயிர்ப்பித்துப் பேணியில் போட்டு வைத்திருக்கிற எனக்கு, அப்பாவின் மணிக்கூடு படத்துக்குக் கீழே அழிவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அது மீண்டும் ஓட வேண்டும், யாருடைய கையிலாவது கிடந்து தண்ணீர் பட வேண்டும். இந்த வருஷம் திவசத்துக்குப் போகிறேன், அதை ஓட வைக்காமல் திரும்புவதில்லை என்று முடிவெடுத்தேன்.

4

ஆரணியும் வந்தாள். அவள் உண்மையான சுழியோடி. குளிர் கடலில் கறுப்பு உடுப்போடு இறங்குவாள். அவள் கையில் கட்டுவது ஒரு கணினி. ஆழம், காற்று, எப்போது மேலே வர வேண்டும் எல்லாவற்றையும் அதுவே சொல்லும். என் பேணியைப் பார்த்து, உங்கள் மணிக்கூடுகளை நம்பிக் குளியல் தொட்டியில்கூட இறங்கமாட்டேன் என்பாள். அதை நோர்வே மொழியில் சொல்வாள். எங்கள் இருவருக்கும் நடுவில் தமிழ் மெல்ல மெல்லச் சாப்பாட்டு மேசைக்கு மட்டுமான பாஷையாகிவிட்டது.

விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் கருவிப் பையைத் திறந்தார். நகம் அளவுத் திருகாணிச் சாவிகள், இடுக்கி, எண்ணெய்ச் சிமிழ், ரப்பர் வளையங்கள். என்ன தொழில் என்று கேட்டார். பஸ் ஓட்டுகிறேன் என்றேன். அவர் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் என் கைமணிக்கூட்டைக் கழற்றிப் பின்மூடியைத் திறந்து காட்டின பிறகுதான் விட்டார். போகும்போது தன் மணிக்கூடு பிந்துவதாகவும் சொன்னார்.

வீட்டுக்குப் போன அன்றே ஆரணி காரியத்தைக் கெடுத்தாள். அலுமாரிக்கு முன்னால் நின்று, மணிக்கூடு எப்போது நின்றது என்று கேட்க வந்தவள், தனக்குத் தெரிந்த தமிழில், "மாமா, இது எப்ப செத்தது?" என்று கேட்டுவிட்டாள். அப்பாவின் படத்துக்கு நேரே. அண்ணியின் முகம் மாறியது. அண்ணை மட்டும் அவளைப் பார்த்து, "அது சாகேல்லை பிள்ளை. நிக்குது," என்றார்.

எனக்கு அந்தப் பதில் நம்பிக்கை தந்தது.

5

திவசம் முடிந்து ஐயரும் சொந்தக்காரரும் போன பின்னேரம், அண்ணை விறாந்தையில் கதிரையில் சாய்ந்திருந்தார். நான் அலுமாரியைத் திறந்து மணிக்கூட்டை எடுத்துக்கொண்டு போய் அவருக்கு முன்னால் அமர்ந்தேன். இப்போது கேட்காவிட்டால் இன்னும் ஒரு வருஷம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அண்ணை, சனம் சொல்லுற மாதிரி இது அப்பா போன நேரமில்லை. கழட்டின பிறகும் இது ஒரு நாளுக்கு மேலை ஓடும்," என்றேன்.

அவர் கண்ணைத் திறக்காமலே ஓம் என்றார். தான்தானே கழற்றியது, அடுத்த நாள் சாம்பல் அள்ளும் காடாத்து முடித்து வீட்டுக்கு வந்தபோதும் அது ஓடிக்கொண்டுதான் கிடந்தது என்றார். சொல்கிறவர்கள் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாராம். இத்தனை வருஷம் நான் கட்டிக் காத்த ரகசியம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அப்படியென்றால் திருத்தலாம்தானே என்று மணிக்கூட்டைக் கையில் திருப்பிப் பிடித்தேன். பழைய சுழியோடி மணிக்கூடு கையில் கிடைத்தால் சேர்க்கிறவர்கள் முதலில் செய்வது வளையம் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான். என் பெருவிரல் தானாகவே வளையத்துக்குப் போனது.

"வளையத்தைத் திருப்பாதை." அண்ணை எழுந்துவிட்டார்.

பிறகு திரும்பக் கதிரையில் அமர்ந்து, மெதுவாகச் சொன்னார். அன்று எங்கள் முறை. அப்பா மோட்டரைப் போட்டு, வளையத்தைத் திருப்பிவிட்டுத்தான் தோட்டத்துக்குள் போயிருக்கிறார். வாய்க்கால் உடைத்துக்கொண்டு தண்ணீர் தன் பக்கம் வருகிறது என்று ஏசுவதற்கு வந்த கணேசண்ணைதான் அப்பாவை வாழைகளுக்கு நடுவில் கண்டார். மோட்டரை நிறுத்தியதும் அவர்தான். அண்ணை ஓடிவந்து தூக்கியபோது மணிக்கூடு முழுக்கச் சேறு.

"முள்ளு தன்பாட்டிலை ஓடி நிண்டது. அது ஒண்டுமில்லை," என்றார் அண்ணை. "உந்த அடையாளம்தான் அப்பா வைச்சது. அவரின்ரை கை செய்த கடைசி வேலை அது."

பார்த்தேன். முக்கோணம் நாலுக்குச் சற்றுக் கீழே நின்றது. இத்தனை வருஷமும் வீடியோவில் நான் முட்களைத்தான் பார்த்திருக்கிறேன். யார் யாருடைய கீறல்களையோ அழிக்கக்கூடாதென்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற நான், அப்பாவின் விரல் விட்டுப்போன இடத்தைப் பெருவிரலால் துடைத்துவிடப் பார்த்தேன். அப்பாவின் செத்தவீட்டுக்கு அழாத அழுகை எல்லாம் அந்தக் கதிரையில் வந்தது. அண்ணை தடுக்கவில்லை.

ஆனாலும் நான் விடவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஈரம் உள்ளே போய்விட்டது, இப்படியே கிடந்தால் முள்ளோடு சேர்த்து அந்த வளையமும் ஒருநாள் துருப்பிடித்து இறுகிவிடும் என்று விளக்கினேன். வளையத்தைத் தொடாமல் பின்மூடியால் திறந்து வேலை செய்யலாம் என்றேன். அண்ணை மணிக்கூட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"முள்ளு ஓடட்டும். வளையம் நிக்கட்டும்," என்றார்.

6

சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து வேலையைத் தொடங்கினேன். முதலில் வளையம் அசையாதபடி நாலு பக்கமும் ஒட்டுநாடா ஒட்டினேன். ஆரணி வெளிச்சம் பிடித்தாள். வளையத்தின் பல்விளிம்பில் செம்மண் இறுகிக் கிடந்தது. அவள் தூரிகையை எடுத்தாள். நான் கையைப் பிடித்தேன். அது அழுக்கு இல்லை, அம்மப்பாவின் தோட்டம் என்று தமிழில் சொன்னேன். அவளுக்கு விளங்கியது.

உள்ளே நினைத்ததைவிட மோசமாக இருந்தது. இரண்டு பகலும் அதோடே போயின. துரு எடுத்து, கழுவி, காயவைத்து, எண்ணெய் விட்டுப் பூட்டினேன். ரப்பர் வளையம் புதிது போட்டேன். கடைசியில் கையில் எடுத்து மெல்ல ஆட்டியதும் விநாடி முள் தயங்கி, பிறகு நடக்கத் தொடங்கியது. கிணற்றுத் தண்ணீர் நிறைத்த வாளிக்குள் போட்டுவிட்டு, அண்ணையோடு சேர்ந்து மூன்று பேரும் சுற்றி நின்று பார்த்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை. இதைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவாயா என்று ஆரணியைக் கேட்டேன். கொஞ்ச ஆழம் என்றால் யோசிக்கலாம் என்றாள். அவளிடமிருந்து அது பெரிய சொல்.

அண்ணை அதைக் கட்டிக்கொண்டார். எனக்குத் தா என்று நான் கேட்கவில்லை. அது ஒரு கையில் ஓட வேண்டும் என்பதுதான் என் பிடிவாதம். எந்தக் கை என்பதில் எனக்கு வழக்கில்லை.

அடுத்த நாள் காலை எங்கள் முறை. மூன்று பேரும் கிணற்றடிக்குப் போனோம். கணேசண்ணை தன் முறைக்காக வந்து வரம்பில் குந்தியிருந்தார். இப்போது நல்ல வயது போய்விட்டது. அண்ணை மோட்டரைப் போட்டுவிட்டு, பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்து நேரம் பார்த்தார். கையில் மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. அடையாளம் அப்பா விட்ட இடத்திலேயே நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. வளையம் நிக்கட்டும் என்று அவர் சொன்னது நினைவிருந்தது. நான் அதற்குத் தலையாட்டியதும் நினைவிருந்தது. தடயத்தை அழிக்கக்கூடாது என்பது என்னுடைய சொந்தச் சட்டம். அதுவும் நினைவிருந்தது.

"அண்ணை, அப்பா துவங்கின முறை இன்னும் முடியேல்லை," என்றேன். "உதை அப்பிடியே விட்டால் அவர் இன்னும் வாழையளுக்கு நடுவிலைதான் கிடக்கிறார். முடிச்சு வையுங்கோ."

அண்ணை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது தொட்டியை நிறைத்து வாய்க்காலுக்குள் விழுந்து, செம்மண்ணில் நிறம் மாறி, முதல் வாழையடிக்குப் போய்ச் சேர்ந்தது. தொலைபேசியைத் திரும்பவும் பைக்குள் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி இடது கையை நீட்டினார்.

"கொள்ளி நான் வைச்சனான். நீ அண்டைக்கு இல்லை," என்றார். "இதை நீ செய்."

அவருடைய மணிக்கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். மற்றக் கையின் இரண்டு விரலை அப்பா வைக்கிற மாதிரி வளையத்தில் வைத்துத் திருப்பினேன். முதலில் அசையவில்லை. பிறகு செம்மண் கறகறவென்று அரைபட, அடையாளம் நாலை விட்டு வெளிக்கிட்டு நிமிட முள்ளுக்கு நேரே வந்து நின்றது. விரல் நுனியில் சிவப்பாக ஒட்டியிருந்தது. நான் துடைக்கவில்லை.

அண்ணை மண்வெட்டியோடு இறங்கித் தண்ணீர் மாறினார். ஆரணி செருப்பைக் கழற்றிவிட்டு அவருக்குப் பின்னால் சேற்றில் இறங்கினாள். வாழை முழுக்க நனைந்த பிறகு அண்ணை மணிக்கூட்டைப் பார்த்து, தண்ணி காணும், நிப்பாட்டு பிள்ளை என்று குரல் கொடுத்தார். நான் மோட்டரை நிறுத்தினேன். வரம்பில் இருந்த கணேசண்ணை எழுந்து, தன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அண்ணையிடம் நேரம் கேட்டார். அப்பாவின் முறை முடிந்து, கணேசண்ணையின் முறை தொடங்கியது.